நகரத்தில் ஒரு வருமானம், கிராமத்தில் ஒரு வருமானம்: திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

பட்டினத்து உவர்மலையில் இருப்பவரும் தூரக் கிராமமான வெருகலில் இருப்பவரும் ஒரே மாவட்டத்து ஆட்கள். அலுவல் என்றால் இருவரும் ஒரே கச்சேரிக்குத்தான், அதாவது மாவட்டச் செயலகத்துக்குத்தான், போக வேண்டும். வருமானம் மட்டும் ஒன்றாக இல்லை. ஏன் என்று பலரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். எண்கள் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் உரியவை. உதாரணங்கள் எங்கள் மாவட்டத்தவை.

வித்தியாசம் உண்மையில் எவ்வளவு?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டலகு வருமான செலவின ஆய்வு ஒன்றை நடத்துகிறது. 2019 ஆய்வின்படி இலங்கையில் ஒரு நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 116,670 ரூபா. கிராமப்புறக் குடும்பத்துக்கு 69,517 ரூபா. தோட்டப்புறத்துக்கு 46,865 ரூபா. கிராமக் குடும்பம் 100 ரூபா பெறும்போது நகரக் குடும்பம் ஏறத்தாழ 168 ரூபா பெறுகிறது.

மூன்று வருடம் முன்னால் போய்ப் பாருங்கள். 2016 ஆய்வில் நகரத்துக்கு 88,692, கிராமத்துக்கு 58,137. அப்போது 100க்கு 153. இரண்டு பக்கமும் வருமானம் ஏறியிருக்கிறது, ஆனால் நகரம் வேகமாக ஏறியிருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகர்ப்புறச் சராசரியைத் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் கொழும்பும் அதைச் சுற்றிய மேல் மாகாணமும்தான். அதே 2019இல் நாட்டின் சராசரி 76,414 ரூபா, ஆனால் சரிபாதிக் குடும்பங்கள் 53,333 ரூபாவுக்கும் கீழேதான் இருந்தன. மேலே உள்ள கொஞ்சப் பேரின் வருமானம் சராசரியை இழுத்து விடுகிறது. ஆகவே 116,670 என்ற எண்ணைப் பார்த்துத் திருகோணமலைப் பட்டினத்துக் குடும்பம் எல்லாம் அவ்வளவு உழைக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

கிராமத்தில் செலவும் குறைவுதானே? தேங்காயும் கீரையும் காசு கொடுத்தா வாங்குகிறார்கள்?

இதைச் சொல்லாத நகரவாசி குறைவு. ஆனால் அந்த ஆய்வு காசு வருமானத்தை மட்டும் கணக்கெடுக்கவில்லை. சொந்த வளவில் விளைந்து வீட்டில் உண்டது, சொந்த வீட்டில் இருப்பதால் மிஞ்சும் வாடகை எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்த பிறகுதான் இந்த வித்தியாசம்.

வறுமைக் கணக்கும் அதையே காட்டுகிறது. 2019இல் நகர்ப்புறத்தில் 6 சதவீதமானோர் வறியவர்கள். கிராமப்புறத்தில் 15 சதவீதம்.

கிராமத்துக்கென்றே உள்ள செலவுகளும் உண்டு. ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு விசேட வைத்திய நிபுணரைப் பார்க்கப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு வைத்தியம் இலவசம். பஸ் காசும் அன்றைய கூலியும் போனது போனதுதான். துணைக்கு வந்தவருடைய கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் எது நகரம், எது கிராமம்?

இலங்கையின் கணக்கில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பதுதான் நகரம். பழைய பட்டின சபைகளை 1987இல் எடுத்துவிட்டுப் பிரதேச சபைகளை உண்டாக்கியபோது, அதுவரை நகரமாக எண்ணப்பட்ட பல சிற்றூர்கள் ஒரே நாளில் கிராமமாகிவிட்டன. 2012 குடிசன மதிப்பில் நாட்டின் நகர்ப்புறச் சனத்தொகை 18.2 சதவீதம் மட்டும் என்று வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

எங்கள் மாவட்டத்தில் பட்டினமும் கிண்ணியாவின் ஒரு பகுதியும்தான் இந்தக் கணக்கில் நகரம். கடைத்தெருவும் வங்கியும் ஆஸ்பத்திரியும் உள்ள மூதூரும் கந்தளாயும் கிராமம். நீச்சல் குளத்தோடு ஹோட்டல்கள் நிற்கிற நிலாவெளியும் கிராமம்! மூதூர்க் கடைத்தெரு முதலாளியும் வெருகல் கூலித் தொழிலாளியும் ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடுவதால், உண்மையான கிராமத்தின் நிலை புள்ளிவிபரத்தில் தெரிவதைவிட மோசம் என்பதே என் எண்ணம்.

ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

இலங்கையில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் விவசாயத்திலும் மீன்பிடியிலும் இருக்கிறார். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் அந்தத் துறையின் பங்கு 7, 8 சதவீதம் அளவில்தான். 25 பேர் சேர்ந்து 8 ரூபாவைப் பங்கிடுகிறார்கள், மிச்சம் 75 பேர் 92 ரூபாவைப் பங்கிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 25 பேரும் பெரும்பாலும் கிராமத்தில்தான் இருக்கிறார்கள்.

பொருளியல் புத்தகம் இத்தோடு நிறுத்திவிடும். விவசாயத்தில் ஆள் அதிகம், ஆகவே தலைக்கு வருமானம் குறைவு, ஆட்கள் வேறு தொழிலுக்குப் போனால் சரியாகும் என்று முடித்துவிடும். எனக்கு அது பாதிப் பதில். கிராமம் உண்டாக்குகிற பெறுமதி கிராமத்தில் தங்காமல் போகிறது என்பதுதான் மறுபாதி.

எப்படித் தங்காமல் போகிறது? நெல்லை வைத்துச் சொல்ல முடியுமா?

நெல்லை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கந்தளாய்க் குளம், அல்லைக் குளம், தம்பலகாமத்து வயல்கள் என்று இந்த மாவட்டத்தின் பாதி வாழ்க்கை நெல்லில்தான் இருக்கிறது.

மாரிகாலத்து நெல் பருவமான பெரும்போகம் தொடங்கும்போது விவசாயியிடம் காசு இருக்காது. உழவுக்கு, விதைநெல்லுக்கு, பசளைக்கு, பூச்சிமருந்து அடிக்க என்று எல்லாவற்றுக்கும் முதலில் காசு வேண்டும். வீட்டு நகை அடகுக்குப் போகும். அது போதாவிட்டால் பசளைக் கடைக்காரரிடமோ நெல் வாங்கும் தரகரிடமோ கடன். அறுவடை வந்ததும் கொடுத்தவர் வயலடிக்கு வந்து நிற்பார்.

இப்போது வெட்டு மெசின் ஒரே நாளில் வெட்டிக் கொட்டிவிடுகிறது. அது வசதிதான். ஆனால் அக்கம்பக்கத்து வயல் எல்லாம் ஒரே கிழமையில் வெட்டப்படுவதால் எல்லார் நெல்லும் ஒரே கிழமையில் சந்தைக்கு வருகிறது, விலை விழுகிறது. கொட்டிய நெல்லில் ஈரம் அதிகம். அரசாங்கம் உத்தரவாத விலை அறிவிக்கிறது. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று அறிவித்தார்கள். அந்த விலை 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லுக்கு. காயப்போடக் களம் வேண்டும், வெயில் வேண்டும், சாக்கு வேண்டும், களஞ்சியத்துக்கு ஏற்ற லொறி வேண்டும், காசு வரும்வரை பொறுத்திருக்கவும் முடிய வேண்டும். கடன்காரர் வரம்பில் நிற்கும்போது எங்கே பொறுப்பது? ஈர நெல்லாகவே வயலில் வைத்துத் தரகர் சொன்ன விலைக்குப் போகிறது.

அந்த நெல் பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. காயவைப்பதில் ஒரு லாபம், குற்றுவதில் ஒரு லாபம், விலை ஏறும்வரை வைத்திருப்பதில் ஒரு லாபம். சில மாதம் கழித்து அதே அரிசி பைக்கற்றில் ஊர்க்கடைக்கு வருகிறது, விளைவித்தவரே வாங்குகிறார்.

விளைச்சல் குறைந்ததால் மட்டும் விவசாயி ஏழையாகவில்லை. நல்ல விளைச்சல் வந்த போகத்திலும் இதே கதைதான், சொல்லப்போனால் அப்போது விலை இன்னும் விழும்.

2021 பசளைத் தடை, 2022 நெருக்கடி இரண்டும் எவ்வளவு பாதித்தன?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் அந்தப் பெரும்போகத்துக்குப் பிந்திவிட்டது. விளைச்சல் பலமாக விழுந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அரிசி விலை ஏறியது, விவசாயிக்கு விற்பதற்கே நெல் இல்லை.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. பட்டினத்தில் பலருக்கு அது ஒரு செய்தி. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சின்னப் படகில் கடலுக்குப் போகிறவருக்கு அது தொழிலை நிறுத்துகிற விஷயம்.

மீனவர்கள் நன்றாக உழைக்கிறார்களே?

சில நாள் நன்றாக உழைக்கிறார்கள். மாரி காலத்தில் வாடைக் காற்று தொடங்கினால் பல நாள் கடலுக்கே போக முடியாது. படகும் வலையும் சம்மாட்டியுடையதாக, அதாவது ஆள் வைத்துத் தொழில் செய்விக்கும் படகுச் சொந்தக்காரருடையதாக, இருந்தால், அல்லது முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருந்தால், மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. நெல்லின் கதையேதான், மீன் கெட்டுப்போகும் என்பதால் இன்னும் அவசரமாக நடக்கிறது. ஐஸ் அறையும் லொறியும் வைத்திருப்பவர் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தை விலையைப் போனில் கேட்டுக்கொள்வார்.

காணி இருக்கிறதே, அதை வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாதா?

இதுதான் பலருக்கும் வெளியே தெரியாத விஷயம். இலங்கையில் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அரசுடையது. குடியேற்றத் திட்டங்களில் மக்கள் பெற்றது பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். உழலாம், வீடு கட்டலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். நினைத்தபடி விற்க முடியாது, தனியார் வங்கி அதை ஈடாக ஏற்பதும் இல்லை. பட்டினத்தில் முழு உரிமைப் பத்திரமான உறுதியோடு சில பேர்ச் காணி வைத்திருப்பவர் அதைக் காட்டிக் கடை போடக் கடன் எடுக்கிறார். இரண்டு ஏக்கர் வயல் வைத்திருப்பவர் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைக்கிறார்.

விற்க விட்டால் ஏழைகள் காணியை இழந்துவிடுவார்கள் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். வெறும் சாக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. போரும் இடப்பெயர்வும் கண்ட மாவட்டத்தில் காணி கைமாறுவது வெறும் பொருளாதார விஷயமும் அல்ல. 2024இல் முழு உரிமை உறுதி வழங்கும் திட்டம் ஒன்றை அரசாங்கம் தொடங்கியபோதும் இந்தப் பயம் பேசப்பட்டது. என் நிலைப்பாடு: உறுதி கொடுக்க வேண்டும், ஆனால் குறைந்த வட்டிக் கடன் கூடவே வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த உறுதி நேரே வட்டிக்காரர் பெட்டிக்குள் போகும்.

வங்கி ஒதுங்கிய இடத்தில் நுழைந்தவைதான் நுண்கடன் கம்பனிகள். கிழமைக்குக் கிழமை தவணை, வாங்குவது பெண்கள், ஒருவர் கட்டாவிட்டால் குழுவே பொறுப்பு. நிலைமை எவ்வளவு தூரம் போனதென்றால், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தலையிட்டுத் தீர்க்க வேண்டி வந்தது.

படிப்பு இலவசம். பிறகு ஏன் கிராமத்துப் பிள்ளை பின்னுக்கு நிற்கிறது?

கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடசாலைகள் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவை 1ஏபி பாடசாலைகள் மட்டும். அவை பட்டினத்திலும் பெரிய ஊர்களிலும் கூடி நிற்கின்றன. மொறவெவவிலோ வெருகலிலோ ஒரு பிள்ளைக்கு டொக்டராக வேண்டும் என்றால் பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து பட்டினத்தில் தங்க வேண்டும். தங்க இடம், சாப்பாடு, ரியூசன் காசு. இலவசக் கல்வி அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பார்கள். 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பதினாறில் ஒன்று. ஆனால் கோட்டா மாவட்டத்தை ஒரே அலகாகப் பார்க்கிறது. வெருகலின் பெயரால் கிடைக்கும் சலுகையை, பட்டினத்தின் நல்ல பாடசாலையில் படித்துப் பின்னேரம் மூன்று ரியூசனுக்குப் போகிற பிள்ளை எடுத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கணக்கு அப்படிப் போடப்பட்டிருக்கிறது.

அரசாங்க உத்தியோகம் கிராமத்திலும் இருக்கிறதே?

இருக்கிறது. சம்பளமும் எங்கும் ஒன்றுதான். காலையில் பட்டினத்திலிருந்து தூர ஊர்களுக்குப் போகும் பஸ்களில் ஏறிப் பாருங்கள்: ஆசிரியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், தாதிமார். பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். வேலை கிராமத்தில், சம்பளம் செலவாவது பட்டினத்தில். மரக்கறி, பிள்ளையின் ரியூசன், வீட்டு வாடகை எல்லாம் நகரத்துக்குப் போகிறது. கிழக்கு மாகாண சபையின் தலைமை அலுவலகங்களும் பட்டினத்திலேயே இருப்பதால் மாதா மாதம் நிச்சயமாக வரும் காசு பட்டினத்துக் கடைகளை ஓட வைக்கிறது. கிராமத்துக் கடைக்கு அந்த நிச்சயம் போகத்துக்கு ஒருமுறைதான்.

பாலங்கள் வந்த பிறகு நிலைமை மாறவில்லையா?

மாறியது. 2009 ஒக்டோபரில் திறந்த கிண்ணியாப் பாலம், ஏறத்தாழ 400 மீற்றர், அப்போது நாட்டின் மிக நீளமானது. அதற்கு முன் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில், ஏறித்தான் அந்த நீரைக் கடக்க வேண்டும். மூதூர் ஆட்கள் கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து பட்டினம் வருவார்கள். கிண்ணியாவோடு உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வரிசையாகப் பாலங்கள் வந்ததும் மட்டக்களப்பு வீதி திறந்தது. நோயாளிக்கும் பால் விற்பவருக்கும் அது பெரிய நன்மை.

அதே நேரம், வீதி இரண்டு பக்கமும் ஓடும். மூதூரில் துணி எடுத்தவர் இப்போது பட்டினத்தில் எடுக்கிறார். சுப்பர் மார்க்கெட் லொறியும் அதே பாலத்தால்தான் வருகிறது.

எல்லா இடத்துக்கும் பாலம் வந்துவிடவும் இல்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள்.

போருக்குப் பங்கு எவ்வளவு?

நிறைய. ஆனால் அதை ஒரு வரியில் சொல்லி மற்றக் காரணங்களை மறைக்கவும் கூடாது. 1990இலும் 2006இலும் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. மாவிலாற்று அணைக்கட்டுப் பிரச்சினையோடு 2006 நடுப்பகுதியில் தொடங்கிய சண்டையில் மூதூர் கிழக்கு முழுவதும் வெளியேறியது. அங்குள்ள சம்பூர் மக்கள் திரும்பிப்போகப் பத்து வருடமளவு எடுத்தது. பத்து வருடம் மாடு இல்லை, வயல் இல்லை, தோணி இல்லை என்றால் ஒரு குடும்பத்தின் கைமுதல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. நடுவில் 2004 சுனாமி வேறு. பட்டினமும் போரைக் கண்டது, ஆனால் சம்பளமும் கடையும் அங்கே முழுதாக நின்றுபோகவில்லை.

கோமரங்கடவல, பதவிசிறிபுர போன்ற சிங்களக் கிராமங்களும் இதே வருமான வரிசையில் கீழேதான் இருக்கின்றன. அங்கே யானையும் சேர்ந்து பயிரை அழிக்கிறது.

துறைமுகம், சீமெந்து ஆலை, மா ஆலை எல்லாம் இருக்கும் மாவட்டம். அவற்றால் கிராமத்துக்கு என்ன?

1980 முதல் ஓடுகிற பிறிமா மா ஆலை வெளிநாட்டுக் கோதுமையைக் கப்பலில் இறக்கி, மாவாக்கி, நாடு முழுவதும் அனுப்புகிறது. சீனக்குடாவில் டோக்கியோ சீமெந்து இருக்கிறது. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகப் பேசுகிறார்கள். புல்மோட்டைக் கனியமணலை இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் என்று பிரித்துக் கப்பலேற்றுகிறார்கள். அதிலிருந்து செய்கிற விலையுயர்ந்த பொருட்கள் வேறு நாடுகளில் உண்டாகின்றன.

இவற்றுக்குத் தேவை ஆழமான துறைமுகமும் மணலும்தான். தம்பலகாமத்து விவசாயியிடம் வாங்க அவற்றுக்கு ஒன்றும் இல்லை. சில நூறு பேருக்கு நல்ல வேலை கிடைக்கிறது, அது அத்தோடு நிற்கிறது. கந்தளாய்ச் சீனி ஆலை வேறு மாதிரி. கரும்பு அங்கேயே விளைந்தது, வெட்டக் கூலி அங்கேயே போனது, ஏற்ற வண்டி அங்கேயே ஓடியது. அது 1990களில் மூடப்பட்டது. திறக்கப் போகிறோம் என்ற அறிவிப்புகளுக்கு மட்டும் குறைவில்லை.

சம்பூரில் அனல் மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்தார்கள். சூரியத் தகடு ஒருமுறை பூட்டிவிட்டால் அதைப் பார்க்க ஆள் அதிகம் வேண்டாம். ஊருக்கு வருமானம் வர வேண்டும் என்றால் காணிக் குத்தகையிலோ மின் விற்பனையிலோ ஒரு பங்கு ஊருக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

உல்லாசப் பயணிகள்?

நிலாவெளி, உப்புவெளி, புறாமலை. சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. பெரிய ஹோட்டல் முதலாளி பெரும்பாலும் வெளியூர். ஊராருக்குக் கிடைப்பது படகோட்டம், சமையல், துப்புரவு, ஆட்டோ. சின்ன விடுதி போட்ட உள்ளூர்க் குடும்பங்கள் சில மேலே வந்திருக்கின்றன, ஆனால் அவர்களிடம் கடற்கரைக் காணி முன்பே இருந்தது.

வெளிநாட்டுக் காசு கிராமத்தைத் தூக்கவில்லையா?

கிண்ணியாவிலும் மூதூரிலும் கல்வீடுகள் எழும்பியதில் மத்திய கிழக்குக் காசுக்குப் பெரிய பங்கு. ஆனால் அந்தக் காசு வீட்டுக்கும் சீதனத்துக்கும் பழைய கடனுக்கும் போய் முடிகிறது, தொழிலாக மாறுவது அபூர்வம். கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. மூதூரிலிருந்து வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன ரிசானா நபீக், 2013 ஜனவரி 9 அன்று அங்கே மரண தண்டனைக்கு உள்ளானார்.

அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகள் இடைவெளியைக் குறைக்குமா?

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் வந்த அஸ்வெசும, சாப்பாட்டுக்கு உதவுகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நெல் விலையை யார் தீர்மானிப்பது என்பதை அது மாற்றாது.

அப்படியானால் எதை முதலில் செய்ய வேண்டும்?

என்னைக் கேட்டால் மூன்று. கமக்காரர் அமைப்புகளின் கையில் நெல் காயவைக்கும் இயந்திரமும் களஞ்சியமும், நெல்லை வைத்தவுடனே பாதிக் காசைக் கடனாகக் கொடுக்கும் ஏற்பாட்டோடு. பொறுக்க முடிந்தால்தான் பேரம் பேச முடியும். அடுத்தது, தூர ஊர்களில் ஆசிரியருக்குக் குடும்பத்தோடு இருக்கத்தக்க வீடு. அப்போது விஞ்ஞான வகுப்பும் வரும், சம்பளத்தில் ஒரு பகுதி ஊர்க்கடையிலும் விழும். மூன்றாவது, போகக் கணக்கில் திருப்பிக் கட்டும் கடன். வருடத்தில் இரண்டு முறை உழைப்பவரிடம் கிழமைத் தவணை கேட்பது அவரை அடுத்த கடனுக்கு அனுப்பி வைப்பதுதான். இவற்றில் ஒன்றுக்கும் புதுத் துறைமுகம் தேவையில்லை, ஒரு போகத்துக்கு முன் தொடங்கலாம்.